ஃபார்மட் என்னும் பரிகாரம்

"ஃபார்மட் அடிச்சுட்டா எல்லாம் சரியாயிடும் சார்." இதை நம்பி எங்கள் வீட்டுக் கணினியை ஒரே வருடத்தில் 3 முறை துடைத்தோம். ஒவ்வொரு முறையும் 500 ரூபாய், ஒரு முழு நாள் காத்திருப்பு, காணாமல்போன கல்யாண போட்டோக்களுக்காக வீட்டில் ஒரு சண்டை. இரண்டு மாதம் ஒழுங்காக ஓடும். பிறகு ஒரு நாள் பிரவுசரைத் திறந்தால் யாரும் கேட்காத தேடல் பக்கம் ஒன்று முன்னால் வந்து நிற்கும். மூலையில் விளம்பரம் துள்ளும். மூன்றாவது முறை வந்த சர்வீஸ் தம்பி நோயை விட்டுவிட்டு நோயாளியைக் குறை சொன்னார்: "சிஸ்டம் பழசு சார். பழசுன்னா வரத்தான் செய்யும். பேசாம புதுசு ஒண்ணு பாத்துருங்க."

அந்தத் தம்பியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் சொன்னது ஊரே நம்புகிற ஒன்று. உளவு மென்பொருள் புகுந்தால் ஃபார்மட். அது பலிக்காவிட்டால் ஆன்டிவைரஸ். அதுவும் பலிக்காவிட்டால் கணினிக்கு வயதாகிவிட்டது. ஜாதகத்தில் தோஷம், பரிகாரம் செய்தாயிற்று, திரும்பவும் வந்தால் விதி என்கிற அதே வரிசை. இந்த மூன்று படியிலும் ஓட்டை இருக்கிறது என்பது என் வாதம். பழைய வீட்டுக் கணினிக்கு உளவு மென்பொருள் திரும்பத் திரும்ப வருகிறதென்றால், பெரும்பாலும் அதைக் கையோடு கொண்டுவந்து வைப்பவர்கள் நாமும், துடைக்க வந்தவரும்தான்.

ஃபார்மட்டே வீண் என்று நான் சொல்லவில்லை. ஹார்ட் டிஸ்க் முழுவதையும் அழித்து, மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்தே இறக்கிய கோப்பால் விண்டோஸை ஏற்றினால், வீட்டுக் கணினிகளில் வழக்கமாகக் காணப்படும் எந்தப் பூச்சியும் மிஞ்சாது. மதர்போர்டின் ஃபர்ம்வேருக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் ரகம் உண்டு என்று யாராவது பயமுறுத்தலாம். உண்டுதான், 2018இல் ஈசெட் நிறுவனம் அம்பலப்படுத்திய லோஜாக்ஸ் அப்படிப்பட்டது. ஆனால் அது அரசு அலுவலகங்களைக் குறிவைத்து ஏவப்பட்டது. மளிகைக் கணக்கும் மகளின் மதிப்பெண் பட்டியலும் இருக்கிற கணினிக்கு யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். ஆக, ஒழுங்கான ஃபார்மட் வேலை செய்யும். நம் ஊரில் ஃபார்மட் என்ற பெயரில் நடப்பது வேறு.

அசெம்பிள் செய்த கணினிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே ஹார்ட் டிஸ்கை சி, டி, இ, எஃப் என்று கூறுபோட்டிருப்பார்கள். சி டிரைவில் விண்டோஸ். டி டிரைவில் 'சாஃப்ட்வேர்ஸ்' என்றொரு ஃபோல்டர். மிச்சத்தில் போட்டோவும் சினிமாவும் பாட்டும். ஃபார்மட் என்றால் சி டிரைவை மட்டும் அழிப்பது. டேட்டா போய்விடக் கூடாதே என்று வீட்டுக்காரரும் அதைத்தான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறார். அழித்து முடித்ததும் அடுத்த வேலை, டி டிரைவைத் திறந்து அந்த 'சாஃப்ட்வேர்ஸ்' ஃபோல்டரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நிறுவுவது. நெட் செலவு மிச்சம், நேரமும் மிச்சம்.

2003 வாக்கில் தலைகாட்டிய சாலிட்டி, 2010இல் வந்த ராம்னிட் ஆகிய வைரஸ்கள் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிற ரகமில்லை. கணினியில் உள்ள மற்ற இஎக்ஸ்இ கோப்புகளுக்குள் புகுந்து ஒட்டிக்கொள்ளும். எந்த டிரைவ் என்றெல்லாம் பார்க்காது. ராம்னிட் எச்டிஎம்எல் கோப்புகளைக்கூட விட்டுவைக்காது. 2015 பிப்ரவரியில் யூரோபோல் அதன் கட்டளை சர்வர்களை முடக்கியபோது சுமார் 32 லட்சம் கணினிகள் அதன் பிடியில் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். இப்படி ஒன்று ஒரு முறை புகுந்த வீட்டில், டி டிரைவில் கிடக்கிற ஒவ்வொரு செட்டப் கோப்பும் அதற்கு விதைநெல். சி டிரைவை உழுது துப்புரவாக்கிவிட்டு அதே விதையை அள்ளித் தூவுகிறோம். அப்புறம் களை முளைத்துவிட்டதே என்று நிலத்தைப் பழிக்கிறோம்.

மூன்றாவது ஃபார்மட்டுக்குப் பிறகுதான் எனக்கு டி டிரைவைத் திறந்து பார்க்கத் தோன்றியது. பத்து வருடத்துக்கு முந்தைய வீடியோ பிளேயர், எங்கிருந்து வந்ததென்றே தெரியாத ஒரு டவுன்லோட் மேனேஜர், பெயரே 'கிராக்' என்றிருந்த இரண்டு ஃபோல்டர்கள். விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரை அதன்மேல் ஓடவிட்டேன். வரிசையாகச் சிவப்பு எச்சரிக்கைகள். மூன்று முறையும் துடைத்தது சமையலறையை. எலி இருந்தது பரண்மேல்.

அதைவிடப் பெரிய பிசகு ஒன்று இருக்கிறது. விண்டோஸ் ஏறியதும் அதை 'ஆக்டிவேட்' செய்வதற்கென்று ஒரு சின்ன மென்பொருளை ஓட்டுவார்கள். கேஎம்எஸ்பிகோ என்ற பெயரைப் பலரும் கேள்விப்பட்டிருக்கலாம். அதை ஓட்ட முதல் நிபந்தனை, ஆன்டிவைரஸை அணைக்க வேண்டும். இரண்டாவது, அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை தர வேண்டும். வாசல் பூட்டைக் கழற்றிக் கொடுத்து, பீரோ இருக்கும் அறையையும் கைகாட்டிவிட்டால், வந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? இந்தப் பெயரில் சுற்றுகிற நிறுவல் கோப்புகளில் கிரிப்ட்பாட் என்ற திருட்டு மென்பொருள் ஒட்டிக்கொண்டு வருவதை 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் விளக்கமாக எழுதியது. பிரவுசரில் சேமித்த விவரங்களையும் கிரிப்டோ வாலட்களையும் அள்ளுவது அதன் தொழில். கூடவே சொன்ன வேலையையும் செய்துகொடுத்துவிடும். விண்டோஸ் ஆக்டிவேட் ஆகிவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வராது.

இந்த ஆக்டிவேட்டர்களில் பலவும் டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் தங்கள் ஃபோல்டரைச் சேர்க்கச் சொல்கின்றன. சில தாமே சேர்த்துக்கொள்கின்றன. பிறகு டிஃபெண்டரை மறுபடி இயக்கினாலும் அந்த ஃபோல்டர் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்காது. திருட்டு விண்டோஸ் மாட்டிக்கொள்ளுமே என்ற பயத்தில் அப்டேட்டையும் நிறுத்திவிட்டுப் போவார்கள். இதன் விலை என்ன என்பதற்கு வானாக்ரை தாக்குதல் ஒன்றே போதும். அது பயன்படுத்திக்கொண்ட ஓட்டையை அடைக்கும் அப்டேட் 2017 மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. தாக்குதல் நடந்தது மே 12. இரண்டு மாத அவகாசம் இருந்தும் உலகமெங்கும் கணினிகள் முடங்கின. அதில் பெரும்பாலானவை, அப்போது ஆதரவு இன்னும் முடியாத விண்டோஸ் 7 கணினிகள். வயது காரணமில்லை, வந்த அப்டேட்டை ஏற்றவில்லை.

"சொல்வீர்கள், விண்டோஸுக்கு யார் காசு கொடுப்பது?" என்ற கேள்வி நியாயமானது. ஆனால் பல வீடுகளில் அந்தக் காசை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. விண்டோஸ் 8 காலத்திலிருந்து விண்டோஸோடு விற்கப்பட்ட பிராண்டட் லேப்டாப்களில் அதற்கான கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை, உதாரணமாக ஹோம் என்றால் ஹோம், மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து இறக்கி 8 ஜிபி பென்டிரைவில் போட்டு ஏற்றினால் பெரும்பாலும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல், முறையான உரிமம் இருக்கிற லேப்டாப்பில் 'ப்ரோ' பதிப்பை ஏற்றி, அதற்கு ஆக்டிவேட்டரும் ஓட்டிவிட்டுப் போகிறார்கள். சொந்த வீட்டுக்காரனைக் குடிசையில் கொண்டுபோய் வைப்பது மாதிரி.

அடுத்தது ஆன்டிவைரஸ் நம்பிக்கை. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் இரட்டைக் காவல் என்று நினைப்பவர்கள் உண்டு. அவை ஒன்றையொன்று சந்தேகித்து, 4 ஜிபி ராம் உள்ள பழைய கணினியை மண்டியிட வைக்குமே தவிர வேறு பயன் இல்லை. இலவசக் காவலர்களின் வரலாறும் அவ்வளவு சுத்தமில்லை. அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது 2020 ஜனவரியில் வெளியே வந்தது. ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வைத்தது. உளவு பார்ப்பவனைப் பிடிக்க வைத்த ஆளே உளவு பார்த்த கதை. சர்வீஸ் ஆட்களின் செல்லப்பிள்ளையான சிசிகிளீனரும் விலக்கில்லை. 2017 ஆகஸ்டில் வந்த அதன் 5.33 பதிப்பு, நிறுவனத்தின் சொந்த சர்வரிலிருந்தே, முறையான டிஜிட்டல் கையெழுத்தோடு, தீங்கு நிரலையும் சேர்த்துச் சுமந்து வந்தது. சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் பேர் அதை இறக்கியிருந்தார்கள். ஆன்டிவைரஸே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரை அணைக்காமல், அப்டேட்டை நிறுத்தாமல் வைத்திருந்தால் வீட்டுக்கு அது போதும். மேலே மேலே அடுக்குவதால் பாதுகாப்பு கூடிவிடாது.

பூட்டே இல்லாத வீட்டுக்குக் காவலாளி போட்டு என்ன ஆகப்போகிறது? வீட்டுக் கணினிகளில் அப்பா, அம்மா, ஆறாம் வகுப்புப் பிள்ளை எல்லோரும் ஒரே கணக்கில் நுழைகிறார்கள். அது அட்மின் கணக்கு. கடவுச்சொல்லும் கிடையாது. பிள்ளை விளையாட்டுக்கென்று எதையோ இறக்கி 'யெஸ்' அழுத்தினால் அது கணினியின் வேர்வரை போய்விடும். இதற்கு மருந்து பத்து நிமிட வேலை. அட்மின் கணக்கு ஒன்றைக் கடவுச்சொல்லோடு தனியே வைத்துவிட்டு, தினசரிப் புழக்கத்துக்கு 'ஸ்டாண்டர்ட்' கணக்கு. அதிலும் ஒன்று புகுந்து அந்தக் கணக்குக்குள் சேட்டை செய்யலாம், மறுக்கவில்லை. ஆனால் டிஃபெண்டரை அணைக்கவோ மற்றவர் கணக்கில் கைவைக்கவோ அட்மின் கடவுச்சொல் கேட்கும். அந்த இடத்தில் வீட்டில் ஒருவர் நின்று யோசிப்பார். இதைச் செய்துகொடுத்த ஒரு சர்வீஸ்காரரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. செய்துவிட்டால் அடுத்த மாதம் போன் வராதே என்ற கணக்கா என்று கெட்ட எண்ணம்கூட ஒரு நிமிடம் வந்தது. இருக்காது; கடவுச்சொல்லை மறந்துவிட்டு நடு ராத்திரியில் போன் செய்வோம் என்ற பயமாக இருக்கும்.

பென்டிரைவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கடையில் ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்கக் கொடுத்து வாங்கிய பென்டிரைவை வீட்டில் செருகினால், ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். 'ஷார்ட்கட் வைரஸ்' என்று இதற்கு ஊரே பெயர் வைத்துவிட்டது. உண்மையான ஃபோல்டர் அழியவில்லை. அதை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைத்திருக்கிறது. அதைச் சொடுக்கினால் ஃபோல்டரும் திறக்கும், பின்னால் ஒரு ஸ்கிரிப்டும் ஓடும். கணினியை ஃபார்மட் செய்தவர், அலமாரியில் கிடக்கும் நாலு பென்டிரைவையும் சேர்த்துச் சுத்தம் செய்தாரா? செய்யவில்லையென்றால் முதல் பென்டிரைவ் செருகப்படும்வரைதான் அந்த ஃபார்மட்டின் ஆயுள்.

இதற்கு வரலாற்றுச் சாட்சியே இருக்கிறது. கான்ஃபிக்கர் புழு 2008 நவம்பரில் வெளிப்பட்டது. அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட் அக்டோபர் 23 அன்றே வந்திருந்தது. ஆனால் அந்தப் புழுவுக்கு ஒரே வழி இல்லை. நெட்வொர்க் வழியாக வரும், பென்டிரைவின் ஆட்டோரன் வழியாக வரும், எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் வழியாகவும் வரும். ஒரு வழியை மட்டும் அடைத்தவர்களுக்கு அது மறுவழியில் வந்தது. அதை எழுதியவர்களைப் பிடித்துக்கொடுத்தால் இரண்டரை லட்சம் டாலர் என்று 2009 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதைவிடப் பயன் தந்த வேலை, விண்டோஸ் 7இல் பென்டிரைவுகளுக்கு ஆட்டோரனை எடுத்துவிட்டதும், 2011 பிப்ரவரியில் எக்ஸ்பி, விஸ்டா கணினிகளுக்கும் அதையே அப்டேட்டாக அனுப்பியதும். துடைப்பதால் கிடைக்காத பலன் கதவை அடைத்ததால் கிடைத்தது. பென்டிரைவைக் கட்டுப்படுத்த, அரசு ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய 'யுஎஸ்பி பிரதிரோத்' என்ற கருவியை, 2017இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா இலவசமாகவே தருகிறது. எத்தனை சர்வீஸ் கடைகளில் இந்தப் பெயர் காதில் விழுந்திருக்கிறது?

பிரவுசர் கதை இன்னும் வேடிக்கை. முழுதாக அழித்து, புதிதாக ஏற்றி, குரோமைத் திறந்து கூகுள் கணக்கில் நுழைந்ததும் பழைய எக்ஸ்டென்ஷன்கள் அத்தனையும் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கணக்கோடு ஒத்திசைத்து வைத்திருந்தால் அப்படித்தான் வரும். நல்லது கெட்டது அதற்குத் தெரியாது. நல்லதே கெட்டதாக மாறுவதும் உண்டு. தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷன் பல வருடம் பலருக்கும் உதவியது; 2020இல் கை மாறியது; 2021 பிப்ரவரியில் தீங்கானது என்று கூகுளே அதை நீக்கியது. மூலையில் துள்ளுகிற 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்ற எச்சரிக்கை பல நேரங்களில் வைரஸே கிடையாது. என்றோ ஒரு தளத்தில் நோட்டிஃபிகேஷனுக்கு 'அலோ' கொடுத்ததன் விளைவு. பிரவுசர் செட்டிங்கில் அந்தத் தளத்தின் அனுமதியை எடுத்துவிட்டால் தீர்ந்தது. அதற்கும் ஃபார்மட் அடிப்பவர்களைத்தான் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவர்கள் என்று சொல்ல வேண்டும்.

சில சமயம் பிரச்சினை கணினியிலேயே இருக்காது. 2011 நவம்பரில் எஃப்பிஐ முறியடித்த டிஎன்எஸ்சேஞ்சர் கும்பல் நூறு நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளை, போக வேண்டிய முகவரிக்குப் பதில் தாங்கள் சொன்ன முகவரிக்குத் திருப்பிவிட்டது. அதன் சில வகைகள் வீட்டு ரௌட்டரின் அமைப்பையும் மாற்றிவைத்தன. ரௌட்டரின் கடவுச்சொல் இன்னும் 'அட்மின்' என்றே இருந்தால், கணினியை எத்தனை முறை துடைத்தும் பயனில்லை.

"நம்ம சிஸ்டத்துல திருட என்ன சார் இருக்கு?" என்று சிரிப்பவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். பிரவுசரில் சேமித்த கடவுச்சொல் இருக்கிறது. அதைவிட, ஜிமெயிலும் ஃபேஸ்புக்கும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்காமல் நம்மை உள்ளே விடுகின்றனவே, அதற்கான குக்கி இருக்கிறது. அதைத் திருடியவன் பல நேரங்களில் ஓடிபிகூட இல்லாமல் உள்ளே போகலாம். இன்றைய திருட்டு மென்பொருள்கள் இதையெல்லாம் சில நிமிடங்களில் வாரிக்கொண்டு போய்விடுகின்றன. அதற்கப்புறம் அடிக்கிற ஃபார்மட், திருடு போன வீட்டைக் கழுவிவிடுவது மாதிரி. சுத்தமான இன்னொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுவதும், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்ற வசதியைப் பயன்படுத்துவதும்தான் அப்போது முதல் வேலை. பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930. ஃபார்மட் அடித்துக் கொடுத்தவர்கள் இதில் ஒன்றையாவது சொன்னார்களா?

கடைசியாக வயது. இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் இது எடுபடுகிறது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 ஆகிய தேதிகளோடு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 10க்குப் பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு தந்தார்கள். அப்டேட் நின்றுபோன விண்டோஸில் பேங்க் கணக்கைத் திறக்காதீர்கள் என்று நானும் சொல்வேன். ஆனால் கவனியுங்கள், வயதானது விண்டோஸ். இரும்புப் பெட்டிக்குள் இருக்கிற பிராசஸருக்கும் ராமுக்கும் உளவு மென்பொருள்மேல் எந்த ஈர்ப்பும் கிடையாது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 இல்லாத அதே கணினியில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி ராமில் தாராளமாக ஓடும். காசில்லை, ஆக்டிவேட்டர் வேண்டாம், அப்டேட் வந்துகொண்டே இருக்கும், தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. டேலி போட வேண்டும் என்பவர்களுக்கு இது தோதுப்படாது, ஒப்புக்கொள்கிறேன். பாட்டு, பாடம், பிரவுசர், ஒரு கடிதம் என்று இருக்கிற வீட்டுக்கு வேறென்ன குறை? தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குத் தந்த லேப்டாப்களில், தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்தே இருந்தது. வாங்கிய வாரமே அதை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் ஏற்றிக்கொடுத்த கடைகள் எத்தனை என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும்.

எங்கள் வீட்டுக் கணினியை நான்காவது முறையாக நானே துடைத்தேன். போட்டோக்களையும் கடிதங்களையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, டி, இ, எஃப் எல்லாவற்றையும் கலைத்து ஒரே டிஸ்காக்கினேன். ஒரு இஎக்ஸ்இ கோப்பைக்கூட மிச்சம் வைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. அதன் பிறகு இன்றுவரை ஐந்தாவது முறை தேவைப்படவில்லை. பெட்டி அதே பழைய பெட்டிதான். மின்விசிறிச் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு அடுத்த முறை யாராவது ஃபார்மட் அடிக்க வந்து பையிலிருந்து பென்டிரைவை எடுத்தால், செருகுவதற்கு முன் அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். "எல்லா சாஃப்ட்வேரும் இருக்கு சார்" என்று பதில் வந்தால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.